எட்டு மூடிகள்

12 செப்டம்பர் 2007, புதன்

வேங்கிக்காலில் வெயில் கொளுத்துகிறது. சர்வர் அறைக்குள் நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். நாள் முழுக்க ஏசியின் ஒரே சுருதி.

இன்று இருபத்து நான்கு இழைகளை ஒட்டி முடித்தேன். கண்ணாடி இழை, தலைமுடி அளவு. ஒளி போகும் வழி அதைவிடப் பத்து மடங்கு மெல்லியது.

சடையன் தரைப்பலகையைத் தூக்கி அடியில் கேபிள் இழுக்கிறார். அடி அண்ணாமலைக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் தன் முஷ்டியை வைத்துப் பார்க்கிறார். வளைவு முஷ்டியைவிடச் சிறிதானால் அவிழ்த்து மறுபடி இழுப்பார்.

"மடங்குனா உள்ள வெளிச்சம் செத்துடும் சார்."

எம்.எஸ்சி.யில் இதற்கு நான் இரண்டு பக்கம் சமன்பாடு எழுதினேன்.

3 அக்டோபர்

மேலாளர் ராஜமாணிக்கம், சடையனின் பெயரைச் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். பொங்கலுக்குள் நிரந்தர வேலை. பச்சை அட்டை போய்க் கழுத்தில் நீல அட்டை வரும். ஏழு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவர். என்னிடம் ஒன்றுதான் சொன்னார்:

"இனிமே ஜொரம் வந்தா படுக்கலாம் சார்."

19 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை. எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார்கள். முதன்மை இணைப்பு போனால் மாற்றுக்கென்று வைத்திருக்கும் எட்டுத் துளைகள், பதினேழு முதல் இருபத்து நான்கு வரை, என் பங்கு. ரப்பர் மூடிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டில் துடைத்தேன். முடிக்கும்போது ராஜமாணிக்கம் கூப்பிட்டார். வாடிக்கையாளருக்கு அவசரமாக ஒரு கடிதம். எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

20 அக்டோபர்

புகை உணரும் கருவியைக் கால் மணி நேரம் அணைத்து வைக்கச் சொன்னவர் ராஜமாணிக்கம்தான். பூஜை செய்தவர் சடையன். புது வேட்டி. ஒவ்வொரு ரேக்குக்கும் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். ஒன்றையும் விடவில்லை.

"டேய் சடையா, சாம்பிராணி கம்மியா போடு. கம்ப்யூட்டருக்கு சளி புடிச்சிக்கப் போவுது" என்றார் ராஜமாணிக்கம்.

"இந்தக் குளிருக்கு அதுக்கு எப்பவோ ஜன்னி கண்டுடுச்சு சார்."

எல்லோரும் சிரித்தோம். பொரி, கடலை, சுண்டல். நானும் நெற்றியில் இட்டுக்கொண்டேன். நம்பிக்கை இல்லை. மறுக்கவும் தோன்றவில்லை.

22 அக்டோபர், திங்கள்

நேற்று இரவு துவைக்க எடுத்த சட்டையின் பையில் எட்டு மூடிகள்.

காலையில் முதல் ஆளாகப் போய் மாட்டிவிட்டேன். அறையில் யாரும் இல்லை. மாட்டுமுன் துடைத்திருக்கலாம். சோதித்துப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. ஏன்? ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

20 நவம்பர்

கார்த்திகை தீப வாரம். காலை பத்து பத்துக்கு லாட்ஜ் முன்பதிவுக்கான இணைப்பு நின்றது. கேபிளை மாற்றுத் துளையில் மாட்டினேன். ஒளி வரவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. எட்டிலும் இல்லை. சரிசெய்ய இரண்டே முக்கால் மணி நேரம்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். இழையின் முகத்தில் சாம்பல் நசுங்கி, கீறல் விழுந்திருந்தது. ராஜமாணிக்கமும் குனிந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"தூசு சார்."

"தூசா? விபூதி."

சடையனைக் கூப்பிட்டார்.

"மூடியக் கழட்டிட்டாடா பட்ட போட்ட?"

"நான் கழட்டல சார்."

"அப்ப அதுவா கழண்டு விபூதி பூசிக்கிச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சடையன் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

21 நவம்பர்

சடையனைச் சாலையோரம் குழி வெட்டும் ஆட்களோடு அனுப்பிவிட்டார்கள். சென்னைக்குப் போன பெயரையும் திரும்பப் பெற்றாயிற்று.

28 நவம்பர்

ஒரு மூடி ஒரு கிராம்கூட இருக்காது.

11 ஜனவரி 2008

செங்கம் சாலையில் இறங்கினேன். வேறு வேலையாக வந்ததுபோல. யாருக்காக அந்த நடிப்பு? சடையன் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தார்.

"அண்ணா, அந்த மூடி—"

"தெரியும் சார்." மண்வெட்டி நிற்கவில்லை. "பூச முடிஞ்ச திங்கக்கெழம காலைல பக்கத்து வரிசைல பலகையத் தூக்கிட்டு குப்புறப் படுத்திருந்தேன். நீங்க மாட்டுனதப் பாத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லுவீங்கனு பாத்தேன். அப்புறம் பாக்கறத வுட்டுட்டேன்."

அவர் மனைவி கன்னியம்மாள் சோற்றுத் தூக்கோடு கரையில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிச்சத்தப் பத்தி படிச்சவருனு சொன்னியே, இவருதானா?"

சடையன் ஒரு வெட்டு மண்ணை அள்ளிக் கரையில் போட்டார். நான் பேருந்துக்கு நடந்தேன்.

12 ஜனவரி

பணிப் பதிவேட்டில் நான்கு வரி எழுதினேன். மூடிகளைக் கழற்றியவன் நான். திறந்தே விட்டுப் போனவன் நான். துடைக்காமல் மாட்டியவனும் நான். சடையனுக்கு இதில் பங்கில்லை. கையெழுத்து, தேதி. பக்கத்தைச் சென்னைக்கு ஃபேக்ஸ் செய்த பிறகே ராஜமாணிக்கத்திடம் காட்டினேன். முதலில் காட்டியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

"பைத்தியமாய்யா ஒனக்கு? அவன் கூலி ஆளு, நாலு நாள்ல மறந்துடுவான். சோதன பண்ணி கையெழுத்து போடற நீயே தப்பு பண்ணேன்னு எழுதினா, இனிமே நம்ம கையெழுத்த எவன் நம்புவான்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை.

4 பிப்ரவரி

என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இனி வெளி வேலை. சாலையில் அறுந்த கேபிளைத் தேடி ஒட்டுவது. வெயில். ஸ்வெட்டரைப் பெட்டியில் போட்டேன்.

17 ஜூன்

சடையனை மறுபடி உள்ளே எடுத்துவிட்டார்களாம். வாசல் காவலாளி சொல்லித்தான் தெரியும்.

8 அக்டோபர் 2008

ஆயுத பூஜை. ஒட்டும் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே நின்றேன். சாம்பிராணி வாசனை வெளிவாசலில் மட்டும்.

சடையன் வந்தார். கையில் பொரிப் பொட்டலம். கழுத்தில் நீல அட்டை.

"கதவுக்கு மட்டுந்தான் பொட்டு சார். உள்ள ஒண்ணும் கெடையாது. மூடியெல்லாம் எண்ணிப் பாத்துட்டேன். தொண்ணூத்தாறு, சரியா இருக்குது."

"நல்லது அண்ணா."

போகத் திரும்பினேன்.

"இருங்க. பாக்கெட்டக் காட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையை விரலால் விரித்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். காலி.

பொட்டலத்தைப் பிரித்து, பொரியை என் சட்டைப்பையில் கொட்டினார்.