தாகம் இல்லை என்று எழுதிய தாள்

என் பாவாயிக் கண்ணு,

உயிரோடு இருந்தவரை உன்னை இப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "ஏய்", "இந்தா", "எங்க போய்த் தொலைஞ்சே?" என்ற மூன்றுக்குள்ளேயே பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். நாளையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு அடிவாரத்திலிருந்து உன் அண்ணனும் அண்ணியும் வருகிறார்கள். அவர்கள் வந்துவிட்டால் நிம்மதியாக அழக்கூட முடியாது. அதனால் இன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடை அப்படியேதான் இருக்கிறது. மலைமேல் இந்தத் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கெல்லாம் உப்பும் மண்ணெண்ணெயும் இன்னும் நான்தான் விற்கிறேன். மிளகு இந்த வருஷம் நல்ல காய்ப்பு. உன் கோழிகளில் இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டது. மதராஸிலிருந்து தபாலில் வரவழைத்த அந்த ஓமியோபதி மருந்துப் பெட்டியும் இருக்கிறது. சீசாக்களை எடுத்துத் துடைத்து அடுக்கும்போதெல்லாம், "டாக்டருங்க வந்துட்டாருங்க, எல்லாரும் எந்திரிங்க" என்று அடுப்படியிலிருந்து கிண்டல் செய்வாயே. இப்போது சத்தமில்லாமல் துடைக்கிறேன்.

உனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கே பக்கத்துக் காட்டுக்காரி சின்னப்பிள்ளை ஓடி வந்தாள். கட்டில் கிடுகிடுக்க நீ நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "டோலி கட்டச் சொல்லட்டுங்களா? எங்கூட்டுக்காரரு இருக்காரு, அவுரு தம்பிமாரு இருக்காங்க. ஆசுபத்திரிக்குத் தூக்கிப்புடலாமுங்க" என்றாள். நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே! "பொட்டிய என்னத்துக்கு வாங்கி வச்சிருக்கறேன்? குறியெல்லாங் கேட்டு எழுதி மருந்தைப் புடிச்சுட்டா, ரெண்டே நாள்ல எந்திரிச்சு உக்காந்துக்குவா" என்று அவளைத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு முழுத்தாளும் பென்சிலுமாக உன் கட்டிலோரம் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் படுத்தால் சுகம்? குளிர் முதுகில் தொடங்குகிறதா, காலிலா? என்ன கனா வருகிறது? தனியாக இருக்கப் பயமா? பெட்டியோடு வந்த புத்தகம் கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டேன். இடது பக்கம் படுத்தால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் அம்மா ஊட்டுக் கிணற்றடி அடிக்கடி கனவில் வரும் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை காய்ச்சலிலும் உன் முகத்தில் ஒரு சிரிப்பு. "இதெல்லாங்கூடவா அந்தப் பொஸ்தகத்துல கேக்குது? இன்னொரு தடவ கேளுங்க" என்றாய். காய்ச்சலில் உளறுகிறாய் என்று நினைத்தேன். நான் உன்னைக் கேட்பது உனக்குப் பிடித்திருந்தது என்பது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

தாகத்தைப் பற்றி மறுநாள் காலையில்தான் கேட்டேன். அதற்கு முன்னால் நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். தினமும் நீ எடுத்துவந்த தண்ணீரை அன்றைக்கு நான் எடுக்கப் போனேன். பள்ளத்து ஊற்றிலிருந்து மேலே ஏறும்போது, ஏற்கெனவே முடியாத முழங்கால் மடங்கி விழுந்தேன். குடம் உடைந்துபோயிற்று. வாசலில் வந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "இந்தத் தண்ணிக்கே ஒரு நாளைக்கு நான் சாவப்போறேன்! இனி வேணுங்கறவ அவளே போயி மொண்டுக்கட்டும்!"

கத்திவிட்டு உள்ளே வந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு, தாளை எடுத்து, "தாகம் எப்படி இருக்குது?" என்று கேட்டேனே, பாவி! நீ குடம் இருந்த மூலையைப் பார்த்தாய். பிறகு என் காலைப் பார்த்தாய்.

"தாகமே இல்லீங்க."

நோயாளி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்பது புத்தகத்தின் முதல் விதி. அப்படியே எழுதினேன். 'தாகம் இல்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். இவ்வளவு காய்ச்சலில் தாகமே இல்லை என்றால் அது நல்ல குறி, மருந்து சுலபமாக அகப்படும் என்று எனக்குச் சந்தோஷம் வேறு. தாகமில்லாத காய்ச்சலுக்கென்று புத்தகம் சொன்ன பல்ஸடில்லா சீசாவைத் திறந்து நாக்கில் உருண்டை போட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். அப்போதும் நீ அதையே சொன்னாய்.

நாலாம் நாள் உன் கண் செருகியபோதுதான் டோலி கட்டினோம். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "மலைக்காய்ச்சலய்யா இது. இதுக்குக் கொய்னா மருந்து கையில இருக்குது. முதல் நாளே கொண்டுவர உனக்கு என்ன கேடு?" என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீ போய்விட்டாய்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு சின்னப்பிள்ளை நின்றாள். "நீங்க கடைக்குப் போனதும் அந்தம்மா எங்கிட்டத் தண்ணி கேக்குமுங்க. எங்கூட்டுல இருந்து கொண்டாந்து குடுப்பனுங்க. சொம்போட கவுத்துக்கும். அவருகிட்டச் சொல்லிப்புடாத, காலு முடியாத மனுசன், திரும்பவும் பள்ளத்துல எறங்குவாருன்னுச்சு." நான் அவளை அடிக்கப் போய்விட்டேன், பாவாயி. பிறகு அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மருந்து மாறிப்போனதால் போனாயா, மூன்று நாள் வீணானதால் போனாயா? டாக்டரைப் பிற்பாடு கேட்டேன். எந்தச் சீசாவைத் திறந்திருந்தாலும் ஒன்றுதான், அந்த மூன்று நாள்தான் உன்னைக் கொண்டுபோனது என்றார். என்னால் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன மாசம் எடப்புளி நாட்டுக்காரர் ஒருவர், பெண்சாதிக்குக் காய்ச்சல், உருண்டை கொடுங்கள் என்று வந்தார். கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். "தாகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். பெட்டியை மூடிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு அவரோடு போனேன். அவரை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே படுத்திருந்த அந்தப் பெண்பிள்ளையிடம் எதுவும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன். அது கதவை ஒரு தரம் பார்த்தது. பிறகு மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தது.

"இன்னும் வேணுமா, சாமி?"

தலையை ஆட்டிற்று. அன்றைக்கே டோலி கட்டவைத்து, தண்ணீரும் கையுமாக அடிவாரம்வரை பின்னாலேயே நடந்தேன். போன வாரம் அந்தப் பிள்ளை தன் காலால் நடந்து வந்து கடையில் உப்பு வாங்கிற்று. நிறுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். உன்னையும் இப்படிக் கொண்டுபோயிருக்கலாமே!

உன் தாள் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இன்றைக்கு அதை எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில், 'தாகம் உண்டு. என் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை' என்று எழுதினேன்.

நாளைக்குப் படையலுக்கு வேண்டியதையெல்லாம் உன் அண்ணி சமைப்பாள். தண்ணீர் மட்டும் நான் எடுத்து வருகிறேன். விடிந்ததும் ஊற்றுக்கு இறங்குவேன். வழியில் விழுந்தாலும், குடம் உடைந்தாலும், திரும்பப் போய் மொண்டு வருவேன். வாயைத் திறக்க மாட்டேன், கண்ணு. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன்னை இன்னொரு தடவை கேட்கத் தெரியாமல் போன
உன் ஊட்டுக்காரன்