இரண்டு பக்கெட் இஞ்சி டொபி

இன்று குட்ஷெட் பஸ் நிலையத்தில் கிளினிக் போகிற பஸ் புறப்படுவதற்குள் இஞ்சி டொபிக்காரர் ஏறிவிட்டார். இரண்டு பக்கெட் வாங்கினேன். பிரித்ததும் அந்தக் காரம் மூக்கில் ஏறியது. நினைவில் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். "உடம்பு நடுங்கினா கூச்சப்படாம வாயில போடு புள்ள" என்பாய். சீனி வருத்தக்காரிகள் நாம் இருவரும், இன்சுலின் ஊசிக்குப் பிறகு சீனி இறங்கினால் தின்ன, பை நிறைய இனிப்போடு திரிந்தோம்.

சிறுவர் கிளினிக்கில்தான் பழக்கம். நான் ஹந்தானையிலிருந்து அம்மாவோடு, நீ அலவத்துகொடையிலிருந்து உம்மாவோடு. சுவரில் முயல் படம். நர்ஸ் மிஸ் நம்மைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இனி நீங்கள் பெரியவர்கள் என்று ஒருநாள் பெரியவர்கள் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். "முயலெல்லாம் முடிஞ்சிச்சு" என்று சிரித்தாய்.

அங்கே உட்காரும் வாங்கு நிறைய உங்கள் ஊர் மாமிமார். முதல் நாளே ஒரு மாமி, "யாருக்கு வருத்தம், மகள்?" என்று கேட்க, நீ கண் இமைக்காமல் "உம்மாவுக்கு" என்றாய். பாவம் உன் உம்மா! ஒரு நோயும் இல்லாத மனுஷி, சோற்றைக் குறைக்கச் சொல்லி மாமி தந்த புத்திமதிக்கெல்லாம் தலையாட்டினார். வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நீ கிளினிக்குக்கு வரவேயில்லை. "மாப்புள பாக்குறாங்க புள்ள. அங்க வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றாய் போனில்.

"ஊசிய மட்டும் விட்றாதடி."

"எனக்கென்ன பைத்தியமா?"

மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கிய நாட்களில் வீடு நிறையச் சனமாம். ஊசி போட ஒரு மறைவான மூலை இல்லையாம். கேட்ட உம்மாவிடம் போட்டாயிற்று என்றாயாம். வாந்தி எடுத்தபோது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கொத்தமல்லி அவித்துத் தந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உனக்கு நினைவில்லை. பிறகு நீ கண் திறக்கவேயில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தானடி. கோபம் ஆறினால் அழுகை வருகிறது.

இன்று அதே மாமி என் பக்கத்தில். "யாருக்குத் துணையா வந்தீங்க மகள்?"

"எனக்குத்தான் மாமி வருத்தம். ஒன்பது வயசுல இருந்து ஊசி போடுறேன்."

வாங்கே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன். "யா அல்லாஹ், சின்னப் புள்ள" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கடைசி வாங்கில், தாயின் தோளுக்குப் பின்னால் குனிந்திருந்த புதுப்பிள்ளை ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கெட்டை அவள் மடியில் வைத்தேன்.

"உடம்பு நடுங்கினா கூச்சப்படாம வாயில போடும்மா."

உன் வார்த்தைதான். நீதான் அதைக் கேட்காமல் போய்விட்டாய்.