நன்றியுரை ஒத்திகை

மார்ச் 3, செவ்வாய்

ஒருத்தி எழுதிய நன்றியை இன்னொருத்தி மேடையில் படித்தால், நன்றி சொன்னது யார்? எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுக்கும்படி இன்று உத்தரவு வந்திருக்கிறது.

எங்கள் பெயின்ட் கம்பெனிக்கு ‘நியாய ஊதிய நிறுவனம்’ என்ற சான்றிதழ் கிடைக்கப்போகிறது. பத்தொன்பதாம் தேதி விழா. துப்புரவுப் பணியாளர் ஒருவர் மேடையேறி இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். “நம்ம மூணாம் மாடி நல்லா வாயாடும், அதையே போட்டுடலாம்,” என்றார் மேலாளர்.

துப்புரவுப் பெண்களை இங்கே மாடியை வைத்துத்தான் சொல்கிறார்கள். மூணாம் மாடி என்றால் என் அறையைத் துடைப்பவள். நான் இந்த மாடிக்கு மாறி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்களுக்குள் இதுவரை நடந்த உரையாடல்: “காலைத் தூக்குங்க மேடம்.”

மார்ச் 5, வியாழன்

முதல் ஒத்திகை. இரண்டு மணிக்கு அவளுக்கு வேலை முடிகிறது. அதன்பிறகு வரச் சொன்னேன். வேலை நேரத்தில் கூப்பிட்டால் மேற்பார்வையாளர் கத்துவார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். “பெருமிதம்” வந்ததும் நின்றுவிட்டாள்.

“இது வாய்ல நுழையல மேடம். சந்தோஷம்னு வச்சுக்கலாமா?”

வைத்துக்கொண்டோம். அடுத்த வரி, “என் குடும்பமாகிய இந்த நிறுவனம்.”

“வீட்ல இருக்கற குடும்பத்தையே தாங்க முடியல. இங்க வேற ஒண்ணா?”

சிரித்துவிட்டேன். சத்தமாக. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்தக் கட்டடத்தில் என் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை போனில் வழக்கமான விசாரணை: “யார்கூடவாவது பேசறியாக்கா, இல்ல சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கியா?” ஆபீஸில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள் என்றேன். சொன்ன பிறகுதான் யாரை நினைத்துச் சொன்னேன் என்று புரிந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றாவது ஒத்திகை. உரை முழுவதும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. “எதுக்கும் இன்னொரு தடவை,” என்றேன். பிறகு டீ வாங்கி வரச் சொல்லி இருவரும் குடித்தோம். மகள் இவளுடைய நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விடுகிறாளாம். “அதனாலதான் நான் இந்த ரப்பர் செருப்போட திரியறேன். மேடையில இதை மறைக்க ஒரு மேஜை போடச் சொல்லுங்க அக்கா.”

எப்போது மேடம் அக்காவானது, கவனிக்கவில்லை.

கிளம்பும்போது, கூலி உயர்ந்தது உதவியாக இருக்கிறதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இந்தக் கையில குடுத்து அந்தக் கையில வாங்கிட்டாங்களே, தெரியாதா? மணிக்கூலியை ஏத்தினாங்க. எட்டு மணி நேர வேலையை ஆறாக்கிட்டாங்க. மாசம் பொறந்தா முன்ன வாங்கினதைவிடக் கொஞ்சம் கம்மிதான் வருது. ஆனா மாடி ரெண்டு மணி நேரம் சுருங்கிடுச்சா? அதே மூணாம் மாடிதான்.”

‘வரலாற்றுச் சிறப்புமிக்க ஊதிய உயர்வு’ என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தவள் நான். எதையும் எளிதில் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

மார்ச் 11, புதன்

மேலாளரிடம் கேட்டேன். “சான்றிதழ் தர்றவங்க மணிக்கு எவ்வளவுன்னுதான் பாப்பாங்க. எத்தனை மணின்னு கேக்க மாட்டாங்க. நீங்க தத்துவம் படிச்சவங்க. இதையெல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்களேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்து ‘நன்றி’ என்ற சொல்லுக்கு ஒரு மாற்றுச் சொல் தேடினேன்.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் ஒத்திகை. தேவையே இல்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 16, திங்கள்

இரண்டு மணிக்குக் காத்திருந்தேன். வந்தாள். உட்காரவில்லை.

“இன்னிக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் படிக்கலாம் அக்கா. போறதுக்கு இடமில்ல.”

இங்கே வேலை ஆறு மணி நேரமாகக் குறைந்ததிலிருந்து, தினமும் இரண்டரைக்கு ஒரு மாணவர் விடுதியில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். என் ஒத்திகை நாட்களில் எல்லாம் தாமதம். சனிக்கிழமை போனபோது தொட்டியடியில் வேறொருத்தி நின்றாளாம்.

“ஏன் சொல்லல? முன்னாடியே சொல்லியிருந்தா…”

“நீங்க இருக்கச் சொன்னீங்க. இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. வாளியை எங்கே வைக்கட்டும் என்று கேட்பதுபோலச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஒத்திகைகளுக்கு அவளுக்குக் கூலி உண்டா? இல்லை. போகிறேன் என்று சொல்ல அவளால் முடிந்திருக்குமா? நான் மேலாளரின் அறையிலிருந்து வருகிறவள். தோழியாம்! சம்பளமில்லாமல் ஒருத்தியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, என் பொழுது போகிறதென்று— சீ. கம்பெனி இரண்டு மணி நேரத்தைப் பிடுங்கியது. மிச்சத்தை நான் பிடுங்கிக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

விடுதிக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். வார்டன் மரியாதையாகத்தான் இருந்தார். “வந்தவங்களை எப்படிம்மா போகச் சொல்றது?” அதுவும் நியாயம்தான்.

மார்ச் 18, புதன்

காலையில் துடைக்க வந்தபோது, இனி ஒத்திகை வேண்டாம் என்றேன். உரையில் ஊதிய உயர்வு பற்றிய வரிகளை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டேன்.

“எடுத்தா, நான்தான் எடுத்தேன்னு சொல்வாங்க. இருக்கற ஆறு மணி நேரமும் போயிடும். எழுதினதையே படிக்கறேன். காலைத் தூக்குங்க.”

தூக்கினேன்.

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் படிப்பாள். கைதட்டுவோம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். நான் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

படித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. பலத்த கைதட்டல். முதலில் தேநீர், அதன்பிறகு சான்றிதழ் என்று ஏற்பாடு. சான்றிதழ் தர வந்திருந்த பெரியவர் கோப்பையோடு என் பக்கம் வந்தார். “மனசுலேருந்து பேசினாங்க அந்தம்மா,” என்றார்.

“நான் எழுதினது,” என்றேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. திறந்த வாயை மூடவும் தெரியவில்லை. எட்டு மணி நேரம் ஆறானது, மாடி அப்படியே இருப்பது, மாதக் கடைசியில் கைக்கு வருவது குறைந்தது, பத்திரிகைச் செய்தியை எழுதியதும் நானே என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பெரியவர் கோப்பையை வைத்துவிட்டு இயக்குநரிடம் போய், எல்லார் எதிரிலும், “எத்தனை மணி நேரம் வேலை?” என்று கேட்டார். இயக்குநர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார். கடைசியில் இயக்குநரே, திங்கட்கிழமையிலிருந்து எல்லாருக்கும் எட்டு மணி நேரம், புதிய மணிக்கூலியிலேயே, என்று அறிவித்தார். “ரொம்ப நல்லது. மூணு மாசம் கழிச்சு வந்து பாத்துட்டுத் தர்றேன்,” என்று சொல்லி, பெரியவர் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேலாளர் என்னிடம், “நாளைக்குப் பேசணும்,” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு அவள் குப்பைக்கூடையை எடுக்க வந்தாள்.

“நல்லதுதான் பண்ணீங்க. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேற்பார்வையாளர் பிடிச்சுக்கிட்டாரு, நீதான் சொல்லிக் குடுத்தியான்னு.”

“என்ன சொன்னீங்க?”

“அவங்க என்கிட்ட எதையும் கேட்டுட்டுச் செய்யறதில்லைன்னு சொன்னேன். நம்பிட்டாரு.”

லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. கூடையைத் திரும்ப வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் நின்றாள். டீ சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

“கிளம்புங்க, பஸ் போயிடும்,” என்றேன்.

போய்விட்டாள். அதற்குப் பிறகு மாலைவரை என்னிடம் யாரும் பேசவில்லை.