எரியாத சர்க்கரை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், முதலில் அதுதான். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் என் வழக்கம், இந்த முறை கை வரவில்லை பாப்பா. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் அம்மாவுக்குக் காது மந்தமான நாளிலிருந்து நம் வீட்டுப் போன் முழுச் சத்தத்தில்தான் அலறுகிறது, நீ அங்கே தும்மினால் இங்கே பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் நல்லாயிருக்கட்டும் என்கிறான். அதில் எதைச் சொல்ல? அதனால்தான் பட்டறையில் தார்ப்பாய்க் கட்டின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி சுண்டுவுக்கு உடம்பு முடியவில்லை, பலவீனம்தான், சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். நடந்தது வேறு. ஒரு காலை அவனும் நானும் லாரித் தார்ப்பாய் ஒன்றை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். நடுவில் நின்றுவிட்டான். "அப்பா, பாதித் துணியக் காணோம்" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து, இழுத்துப் பிடிடா என்றேன். "இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலப்பா" என்றவன் அப்படியே வாந்தி எடுத்து, ஓரம் அடிக்கும் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் முதலில் பக்கவாதம் என்றார்கள். இந்த வயதில் எப்படி வரும் என்று அவர்களே தலையைச் சொறிந்தார்கள். பிறகு ரத்தத்தில் ஏதோ அமிலம் கூடியிருக்கிறது என்று தொடையில் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் பெரிய டாக்டரம்மா என்னையும் உன் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷி, எனக்குப் புரிகிறவரை விடவில்லை.

அவர் சொன்னது இதுதான். நாம் சாப்பிடுகிற சோறு, பழம் எல்லாம் கடைசியில் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஓடுகிறது. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் அதை உள்ளே இழுத்து முதலில் இரண்டாக உடைக்கிறது. உடைக்கும்போது கிடைக்கிற சக்தி ரொம்பக் கொஞ்சம். அந்தத் துண்டுகள் செல்லுக்குள்ளேயே இருக்கிற இன்னொரு சின்ன அறைக்குப் போக வேண்டும், மைட்டோகாண்ட்ரியா என்று பெயராம். நாம் இழுக்கிற மூச்சுக்காற்று அங்கேதான் வேலைக்கு வருகிறது. அங்கே நன்றாக எரிந்தால்தான் மீதிச் சக்தி முழுக்கக் கிடைக்கும், கை கால் ஓடும், மூளை ஓடும். "உங்க பையனுக்கு அந்த அறைதாங்க சரியா வேலை செய்யல. உடைஞ்ச துண்டு உள்ள போய் எரிய முடியாம அமிலமா மாறித் தேங்கிடுது. அவர் சாப்பிடுறார், மூச்சு விடுறார், ஆனா ரெண்டும் சேர்ந்து சக்தியா மாறல" என்றார். அவன் வளராமல் போனதும் இதனால்தானாம். சுண்டு சுண்டு என்று நாமெல்லாம் கூப்பிட்டுச் சிரித்ததே ஒரு நோயைத்தான். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவானே, அதுவும் இதுதான். மருந்து உண்டா என்று கேட்டேன். சத்து மாத்திரை தருகிறோம், தாக்குதல் வரும்போது ஊசி போட்டுப் பார்க்கிறோம், ஆனால் வருவதை முழுக்கத் தடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை வந்துவிட்டது. ஒவ்வொன்றும் போகும்போது அவனிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகிறது. இப்போது பேச்சு நாலைந்து வார்த்தைதான். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் அது எதற்கு என்று யோசிக்கிறான். ஆனால் பசி மட்டும் குறையவில்லை பாப்பா, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஊட்ட ஊட்டச் சாப்பிடுகிறான், சாப்பிட்ட களைப்பிலேயே கண்ணை மூடிக்கொள்கிறான். உன் அம்மா இன்னும் நாலு வாய் தின்றால் தெம்பு வரும் என்று பழத்தைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்ல?

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இது அம்மா வழியாக மட்டும் வருவது. அந்தச் சின்ன அறைகள் எல்லாம் தாயின் கருமுட்டையிலிருந்துதான் பிள்ளைக்கு வருமாம், அப்பனுக்கு அதில் பங்கே இல்லையாம். உன் அம்மாவின் காது மந்தம், அவளுடைய சுகர், எல்லாம் இதன் லேசான வடிவமாக இருக்கலாம், அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டாள். சத்து மாத்திரை தருகிறார்களாம் என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். அந்த வாரம்தான் நீ போன் பண்ணினாய், நாள் தள்ளிப்போய்ப் பார்த்தேன், குழந்தை உண்டாகியிருக்கிறது என்று. வீடு முழுக்க உன் குரல். அம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா ஏன் சரியாகப் பேசவில்லை என்று பிறகு மாப்பிள்ளையிடம் குறைப்பட்டாயாம். காரணம் இதுதான் அம்மாடி.

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் உடைந்துவிட்டது. வார்டில் நர்ஸ் அவள் கையைப் பிடித்து ரத்தம் எடுக்க வந்தாள். "எனக்கு எதுக்கும்மா, பையனுக்குத்தானே?" என்று இவள் கேட்க, அந்தப் பெண் மெதுவாகத்தான் இரண்டு தடவை சொன்னாள். இவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை காதருகே குனிந்து, "இது அம்மாகிட்டேருந்து வர்ற நோய்ம்மா, அதான் உங்களுக்கும் பாக்கணும்" என்று கத்தினாள். வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நர்ஸுக்கே முகம் வாடிவிட்டது. உன் அம்மா கையை நீட்டினாள், ரத்தம் கொடுத்தாள், சாப்பாட்டு டப்பாவைக் குழாயில் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள், நாங்கள் இறங்க எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப, பெரியவளுக்கு?" என்றாள். உன் அம்மாவுக்கும் இருக்கிறது என்று இந்த வாரம் முடிவும் வந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ ரத்தம் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதே. நோயின் பெயரைத் தனித் தாளில் டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். அதை உன் டாக்டரிடம் காட்டு, வயிற்றில் இருப்பதைப் பற்றியும் கேள். தாய்க்கு இருந்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் கொஞ்சமாவது வரத்தான் செய்யுமாம், ஆனால் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், சிலர் கடைசிவரை தெரியாமலே வாழ்ந்துவிடுவார்களாம். அந்தச் சிலரில் நீ இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன், எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை. எந்த முடிவு எடுப்பதானாலும் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுங்கள். எங்களுக்காக ஒன்றையும் செய்யாதீர்கள், எங்களுக்காக ஒன்றையும் விடவும் வேண்டாம். பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. தம்பியைப் பார்க்க உடனே கிளம்பி வருகிறேன் என்று மட்டும் இப்போது சொல்லாதே, முதலில் உன் உடம்பைப் பார்.

நீயும் உன் பிள்ளையும் மூச்சு வாங்காமல் படி ஏற வேண்டும், வேறு எப்படி ஆசீர்வாதம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே உன் அம்மாதான். "என்னால அவகிட்ட சொல்ல முடியாது, நீங்க எழுதுங்க. நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். அப்படியே எழுதுகிறேன். அம்மா அழவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா