நடுப்பாகம் அவளிடம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. நான் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் இன்று பதினோரு குழந்தைகள். இருவருக்கு மூக்கு ஒழுகல். விறகு ஈரம், பால் காயப் பத்து மணி ஆகிவிட்டது. பாய் ஒன்று இன்னும் காயவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வரும் தாய்மார் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு மறுபடி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டரை வரை பிள்ளைகள் தூங்கும். பதினான்கு வருடமாக அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கே எனக்கு. அதில்தான் படிப்பேன். எட்டு மாதமாக அதுவும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் நாலாவது வரியில் கை ஃபோனைத் தேடுகிறது. யாரோ மீன் வெட்டுகிற வீடியோ. யாரோ புடவை மடிக்கிற வீடியோ. பார்த்தால் இரண்டரை மணி.

இந்த வருடம் தொட்டு விட்டவை:
குடும்பக் கதை. 40 பக்கம். மருமகள் தங்கம். மாமியார் திருந்தப்போகிறாள் என்று நாற்பதிலேயே தெரிந்துவிட்டது.
பேய்க் கதை. பேய் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.
கொலைக் கதை. டிரைவர்தான் கொன்றான். பார்த்தவுடனே தெரியும் மூஞ்சி.
வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி. 3 பக்கம். காலை நாலு மணிக்கு எழும்பச் சொல்கிறார். நான் தினமும் நாலு மணிக்குத்தான் எழும்புகிறேன். ஒன்றையும் ஜெயிக்கவில்லை.

சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் பயம். இதுவும் என்னை விட்டுப் போய்விட்டால் மூக்குத் துடைப்பதும் பாய் காயவைப்பதும்தான் மிச்சம்.

எல்லாக் கதையிலும் கடைசியில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். எனக்கு இருட்டாக ஒன்று வேண்டும். சோறு தொண்டையில் நிற்க வேண்டும்.

ஜூன் 7, சனி

நோர்வூட் டவுனுக்குப் போனேன். சவர்க்காரம், பிளாஸ்டிக் கப் 4, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து. பிறகு முஸ்லிம் நானா கடை. முன்னால் கொப்பி, பேனா, ஸ்கூல் பை. பின்னால் ஒரு ராக்கை முழுக்கப் பழைய புத்தகம், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க. எல்லாவற்றுக்கும் பழைய பேப்பரில் உறை போட்டுவைப்பார். திறந்தால்தான் என்ன புத்தகம் என்று தெரியும்.

"தங்கச்சிக்கு எது வேணும்? சிரிக்கவா, அழவா?" டிஸ்பென்சரியில் கேட்கிற மாதிரிதான் எப்போதும் கேட்பார். நிம்மதியைக் கெடுக்கிற மாதிரி ஒன்று என்றேன்.

உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு கட்டைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை. பெயர் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. தலையணை மாதிரி தடித்த புத்தகமாம். முன்பு வைத்திருந்த யாரோ பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்க வசதியாக மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றையும் சாக்கு நூலால் தைத்திருக்கிறார். புத்தகத்தைப் பிளேடால் அறுக்க எப்படி மனம் வந்ததோ, தெரியவில்லை. பா.1ம் பா.3ம் நானாவிடம் இருக்கின்றன. பா.2 காணவில்லை. கடையில் மச்சானை உட்கார்த்திவிட்டு இவர் தொழப் போன ஒரு நாள் அவன் யாருக்கோ கொடுத்துவிட்டானாம், தேடிப் பார்க்கிறேன் என்றார். நடு இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்க மொதல்ல இத முடிங்களேன் பார்ப்போம்" என்று சிரித்தார். போன நாலு புத்தகத்தையும் பாதியில் திருப்பிக் கொடுத்தவள் நான்.

ஜூன் 9, திங்கள்

மழை விட்டது. பனிமூட்டம். ஒன்பது பிள்ளைகள்.

51 பக்கம்! ஃபோன் பையிலேயே கிடந்தது.

ஆற்றங்கரை ஊர். தோணி கவிழ்ந்து ஒன்பது பேர் சாகிறார்கள். தோணிக்காரன் மட்டும் பிழைக்கிறான். ஒரு குழந்தையைக் காப்பாற்றக் கடைசிவரை போராடினான் என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. வீடு கட்டிக் கொடுக்கிறது. பெண்சாதிக்கு மட்டும் சந்தேகம். அவன் மணிக்கட்டில் நகக் கீறல், சின்ன விரல்களின் கீறல்.

சின்னவன் ஒருவன் எழும்பி அழுதான். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தேன். அவன் விரல் என் கழுத்தில். அதே நேரம் புத்தகத்தில் அந்தக் கீறல். உடம்பு சிலிர்த்துவிட்டது.

மாலை பிள்ளை எடுக்க வந்த இருவர் வாசலில் பேசிக்கொண்டது:
"டீச்சர் மொகமே சரியில்லையே."
"வீட்டுல சண்டையா இருக்கும்."

இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை நாள்.

ஜூன் 10, பௌர்ணமி போயா லீவு

பா.1 முடிந்தது. ரொட்டி கருகியது. வீட்டுக்காரர் கருகலைச் சுரண்டிப்போட்டுவிட்டுச் சாப்பிட்டார். நல்ல மனிதர்.

கடைசிப் பக்கம்: பெண்சாதி சோறு போடுகிறாள். அவன் கை நீட்டுகிறான். கீறல் ஆறித் தழும்பாகியிருக்கிறது. தோணியில் என்ன நடந்தது என்று அவளுக்கு இப்போது தெரியும். பலகையைப் பிடித்த குழந்தையின் கையை அவன்தான் பிரித்துவிட்டிருக்கிறான், தான் பிழைக்க. அவள் கேட்க வாயைத் திறக்கிறாள்.

அவ்வளவுதான். சாக்கு நூல்.

கேட்டாளா, விழுங்கினாளா? கேட்டால் வீடு போகும், ஊர் போகும். கேட்காவிட்டால் அவனுக்குத் தினமும் சோறு போட வேண்டும்.

ஜூன் 11, புதன்

நானாவுக்கு ஃபோன். பா.2 யாரிடம் என்று கண்டுபிடித்துவிட்டார். "அட, தூரமில்ல. ஒங்கட தோட்டத்து டிவிசன்தான், ஒங்கட நாத்தனார்தான்" என்றார். சுக்குநூறாகிப் போனேன்.

சா.விடம். வீட்டுக்காரரின் தங்கை. பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை. நாலு லயவரிசை தள்ளி வீடு. எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. நான் வருவது தெரிந்தால் மேல் பாதையில் போவாள்.

என்ன நடந்ததென்று இங்கேயாவது நேராக எழுதிவைக்கிறேன். அவள் மகள் திவ்யாவைப் பார்க்கக் கொத்மலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். திரும்பும்போது மழை. மாப்பிள்ளையின் தாய் பிள்ளை மடுவத்தில் ஒதுங்கினார். பெண் எப்படி என்று என்னிடம் கேட்டார். தங்கமான பிள்ளை, ஆனால் அவளுக்கு இதில் இஷ்டமில்லை போல என்றேன். உண்மைதான். முந்தின நாள் திவ்யா என் மடியில் தலை வைத்து அழுதிருந்தாள். அவர்கள் அதன் பிறகு வரவேயில்லை. திவ்யா இப்போது ஹட்டனில் ஃபோன் கடையில் வேலை, சிரித்துக்கொண்டே போய் வருகிறாள். சா. மட்டும் என்னை மன்னிக்கவில்லை.

உண்மையைத்தானே சொன்னேன் என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எட்டு மாதமாகத்தான் படிக்கவும் முடியவில்லை. இப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்காரரிடம் போய் வாங்கி வரச் சொன்னேன். உங்கள் இருவர் சண்டைக்கு நான் தபால்காரன் இல்லை என்றுவிட்டார். நல்ல மனிதர் என்று 10ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பிள்ளைகள் தூங்கும்போது நானே நடுப்பாகத்தை மனதில் எழுதிப் பார்த்தேன். அவள் கேட்பதாக ஒரு தடவை. கேட்காததாக ஒரு தடவை. இரண்டும் சரியில்லை. நான் எழுதினால் கடைசியில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

சா.வுக்கு இந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இருபது வருட உறவு.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். பா.1ஐப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போனேன். என்னவோ பரீட்சைக்குப் போகிற மாதிரி.

சாந்தி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கறிக்குப் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழும்பி உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் தூறலில் நின்றபடியே பொலித்தீனைப் பிரித்துக் காட்டினேன். உன்னிடம் இருப்பதன் முதல் பாகம் என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்தாள். தன்னிடம் இருப்பது நடுப்பாகம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. முதல் பக்கங்கள் கொஞ்சம் கிழிந்து போயிருக்கின்றன என்றுதான் நினைத்தாளாம். இது 212இல் முடிகிறது, உன்னுடையதில் முதல் பக்க எண் 213 என்று இருக்குமே என்றேன். "நம்ம கைக்கு வர்ற எந்தப் புத்தகத்துல அண்ணி மொதப் பக்கம் இருந்திருக்கு?" என்றாள்.

அண்ணி. எட்டு மாதம் கழித்து. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

உள்ளே கூப்பிட்டாள். பிளேன்டீ தந்தாள். நாலு மாதமாக அந்தப் புத்தகம் மண்டையைக் குடைகிறதாம். இரண்டு தடவை படித்துவிட்டாளாம். எடுத்த எடுப்பிலேயே அந்தப் பெண்சாதி புருஷனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள், ஏன் என்றே தெரியவில்லையாம். "அவ மனசு கல்லு அண்ணி. அந்த மனுசன் சோறு தண்ணி எறங்காம, பெத்த புள்ளைய இழந்தவங்க வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டு செய்றான். அவன் மாதிரி நல்லவன் உண்டா?"

கீறல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே வரி. சொன்னால் போதும், அவளுடைய நல்லவன் அந்த நிமிஷமே செத்துப்போவான். சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். நீயே படி என்று பா.1ஐ அவள் பக்கம் தள்ளினேன். அவள் பா.2ஐ எடுத்து வந்து தந்தாள். ஒரு பக்கமும் மடங்காமல் வைத்திருக்கிறாள்.

படி இறங்கும்போது கூப்பிட்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்னு நான் சொல்லல அண்ணி. ஆனா அது நீங்க சொல்ல வேண்டிய விசயம் இல்ல. அவ என்கிட்ட சொல்லியிருக்கணும். இல்ல நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணும். யாரோ ஒரு பொம்பளகிட்ட சொல்லிட்டீங்க."

எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிவந்ததெல்லாம் அவளுடைய ஒரு பேச்சில் போனது. தப்புதான் சாந்தி என்றேன். சரி, நனையாமல் போங்கள் என்றாள்.

நனைந்துதான் வந்தேன். வெட்கமாக இருந்தது. லேசாகவும் இருந்தது.

ஜூன் 18, புதன்

பத்துப் பிள்ளைகள். ஒருவனுக்குச் சிரங்கு, தாயிடம் சொல்ல வேண்டும். சத்துமா தீரப்போகிறது.

பா.2, பாதி தாண்டிவிட்டது. அவள் கேட்கவில்லை. விழுங்கவும் இல்லை. சாந்தி சொன்ன மாதிரி, பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் மனதில் எழுதிப் பார்த்தபோது இது எனக்குத் தோன்றவேயில்லை. அவனோ ஏன் என்று கேட்கப் பயந்து, அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியாமல் துரும்பாக இளைக்கிறான்.

சோறு தொண்டையில் நின்றது. கேட்டது கிடைத்துவிட்டது.

ஜூன் 21, சனி

பா.2 முடிந்தது. நோர்வூட் போய் பா.3 வாங்கிவந்தேன். உறையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன், திறக்கவில்லை. திறந்தால் இறங்க மறந்து பொகவந்தலாவை போய்விடுவேன்.

வீட்டில் துணி மலையாகக் கிடக்கிறது. நாளை லீவு. நாளை முழுதும் படிப்பு.

ஜூன் 22, ஞாயிறு

வெயில்! துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டு பா.3ஐ மடியில் வைத்தேன். வாசலில் சாந்தி. எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறுகிறாள். கையில் பா.1. முகம் பேயறைந்த மாதிரி.

"அந்தப் படுபாவி" என்றாள். உட்காரக்கூட இல்லை.

எனக்கோ பா.2 படித்த பிறகு அவன்மேல் இரக்கம். பாவம், அந்த ஒரு நிமிஷத்தில் யாராக இருந்தாலும் என்றேன். யாராக இருந்தாலும் இல்லை, அது குழந்தையின் கை என்றாள். போன ஞாயிறு அவனை நல்லவன் என்றவள் இவள். அவனைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது அவள் என் இடத்தில், நான் அவள் இடத்தில். பெண்சாதி பேசாமல் இருந்தது சரியா என்று ஒரு மணி நேரம். குரல் ஏறிவிட்டது போல. வீட்டுக்காரர் கொல்லைப்பக்கமிருந்து ஓடிவந்து, மறுபடி சண்டையா என்றார். இல்லை, புத்தகம் என்றோம் இருவரும். நம்பவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பேச்சு முடிந்ததும் அவள் கண் என் மடியில் இருந்த பா.3 மேல். கேட்கவில்லை. கேட்க மாட்டாள், அவள் ரோஷம் எனக்குத் தெரியும். இன்று முழுதும் படிக்கலாம் என்று ஒரு வாரத் துணியைக் காலையிலேயே துவைத்து முடித்தவள் நான். கை மனமில்லாமல்தான் நீண்டது. நீயே முதலில் படி என்று கொடுத்துவிட்டேன்.

வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, பேச்சுக்காகக்கூடச் சொல்லவில்லை.

முடிவை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே என்று வாசல்வரை போய்க் கெஞ்சினேன்.

சாந்தி திரும்பிப் பார்த்தாள். "எனக்கு வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியும் அண்ணி" என்றாள்.

ஒரு நிமிஷம் சுருக்கென்றது. பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்.