இரண்டு நிற மாத்திரை

முஹ்சினாவின் அம்மாவுக்கு, ஸலாம்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டேன் என்று உன் தம்பி சொல்லியிருப்பான். தலை சுற்றியது, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நெற்றியில் தையல் சின்னதுதான்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர், "வேற எங்கனா மாத்திரை வாங்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இங்கேயும் வாங்குவது தெரிந்தால், பட்டாளத்தில் இருந்ததற்குக் கொடுத்த மிலிட்டரி ஆஸ்பத்திரி கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதானே, வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் நர்சம்மாவிடம் சொல்ல வந்த உன்னையும் அவர் முன்னாலேயே அதட்டினேன்.

நீ கோபித்துக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறும் முன்பே நர்சம்மாவிடம் சொல்லிவிட்டாய் போல. நான் விழுந்தது தெரிந்து ஓடிவந்தவர், டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் உடனே மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இங்கே கொடுப்பது வெள்ளை, அங்கே கொடுப்பது மஞ்சள், இரண்டும் ஒரே பிரஷர் மருந்தாம்; இரண்டையும் சேர்த்துப் போட்டதால்தான் தலை சுற்றியதாம்.

"கார்டை யாருங்க புடுங்கப் போறாங்க?" என்று போனில் மிலிட்டரி டாக்டர் சிரித்தது எனக்கே கேட்டது.

மஞ்சளை மட்டும் போடச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு ஆஸ்பத்திரியும் பேசிக்கொண்டுவிட்டன. நீயும் போனை எடு.

முஹ்சினாவின் அத்தா