தீவுக்குப் போகாதவன் எழுதிய குறிப்பு

அன்புள்ள மகராசா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஆபீசில் உன் நாற்காலி மேல் இப்போது பிரின்டர் உட்கார்ந்திருக்கிறது. ஒப்பாரி வைக்க எனக்கு வராது. இங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் உன் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருகிறேன். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே திரையில் காசிரங்காக் காட்டு வீடியோவையும் திறக்கும் உன் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. காண்டாமிருகம் ஒருபக்கம் மேய, நான் ஒருபக்கம் புளிச்சோறு தின்கிறேன். ஒரு காட்டுக்கும் போகாமல் எல்லாக் காட்டுக்கும் வழி சொன்ன ஆள் நீ. கப்பல் சரக்குக்குப் பேப்பர் தயாரிக்கிற வேலையில் உனக்கு அது எப்படித்தான் வாய்த்ததோ.

நம் ஆபீஸ் மாடி ஜன்னலில் தெளிந்த நாளில் கோடாகத் தெரியுமே வான்தீவு, சேதி அதைப் பற்றியது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவு, யாரும் இறங்கக் கூடாது. செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக வைத்து அது சிறுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒருநாள், பூங்காக்களுக்குப் போய் வந்தவர்கள் அனுபவம் எழுதும் இணையதளத்தில், நேரில் போனவன் போலவே எழுதிவிட்டாய். மணலின் சூடு, காலடியில் நொறுங்கும் பவளத்துண்டு, எதிரே தெரியும் நம் துறைமுகத்துக் கிரேன்.

"ஏலே, பாக்காததை எழுதுதியே?" என்றேன்.

"அது கரைஞ்சிட்டு வருது. இருக்கும்போதே ஒருத்தன் எழுதணும்லா" என்றாய்.

எழுதியது சரி. போய் வந்ததாக ஏன் எழுதினாய்? அப்போது கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன வாரம் கடற்கரை ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கரூரிலிருந்து வந்த கணவன் மனைவி, தோளில் பையோடு, போனை நீட்டினார்கள். "ஏனுங்க, இந்தத் தீவுக்குப் படகு எங்கீங்க ஏறோணும்?" திரையில் உன் பெயர், உன் போட்டோ.

"அங்கன யாரையும் விட மாட்டாக" என்றேன்.

"இவரு போயிட்டு வந்தேன்னு எழுதியிருக்காருங்களே?"

அந்த அம்மாள் உன் குறிப்பைப் படித்துவிட்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். எனக்கு உன் மேல் நல்ல கோபம் வந்தது. நீ இறந்துவிட்டாய் என்று சொல்ல வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, தீவு இருக்கும் திசையைக் காட்டி அனுப்பினேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த இணையதளத்து உன் கணக்கு இன்னும் திறந்தபடியே கிடக்கிறது. நேற்று குறிப்பை அழித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உன் எழுத்தென்று வேறு என்ன இருக்கிறது? உன் வார்த்தை ஒன்றையும் தொடாமல், மேலே மட்டும் சேர்த்தேன்: "இதை எழுதியவர் தீவுக்குப் போனதில்லை. கரையிலிருந்தும் இணையத்திலும் பார்த்தே எழுதினார். இந்த வரி அவர் நண்பன் சேர்த்தது."

உன்னைப் பொய்யனாக்கிவிட்டேனோ என்று அதன்பிறகு மனது சரியில்லை.

சாயங்காலம் உன் வீட்டுக்காரி செல்வி போன் செய்தாள். "அண்ணாச்சி, அவுக எழுதுனதுல இன்னைக்குத் திருத்தம்னு காட்டுதே. யாரு?"

"நான்தாம்ளா."

அவள் தினமும் அதைத் திறந்து படிக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மாசத்துக்கு ஒருக்க இப்படி எதையாவது திருத்துங்க, அண்ணாச்சி. அவுக பேருக்குக் கீழ இன்னைக்குத் திருத்தம்னு இருந்தா நல்லாருக்கு."

செய்கிறேன், மகராசா. மாதம் ஒருமுறை செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, தீவு எவ்வளவு மிச்சம் என்று ஒரு வரி சேர்ப்பேன். பொய் எழுத மாட்டேன். தீவே கரைந்து போனாலும் அந்த வரி வரும்.

செல்விக்கு அண்ணன் முறையானதால் உனக்கு மச்சான்,
இசக்கிமுத்து